அப்பா ஓட்டும் டிராக்டரும் நான் எழுதிய ஏஜென்ட்டும்

மலர்க் குழுவிலிருந்து வந்து "ஒரு கவிதை கொடு" என்றார்கள். கவிதைக்கு நம்ம பாலிடெக்னிக்கில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. போன மலரில் நிலா மட்டுமே நாலு பக்கத்தில் உதித்திருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை உரைநடையிலேயே எழுதுகிறேன். பைத்தான் மொழியில் ஒரு சின்ன ஏஜென்ட், அதற்கு ஒரு ப்ளக்-இன் அமைப்பு. இதுதான் என் மூன்றாமாண்டு ப்ராஜெக்ட். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் டிராக்டரும் வருகிறது!

முதலில் ஏஜென்ட் என்ற சொல். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா பாப்பா? அதுக்கா மூணு வருசம் படிக்கிற?" என்று கேட்டார்கள். வகுப்பில் சொன்னால் வேறு தொல்லை. இப்போது ஏஜென்ட் என்றாலே எல்லோரும் ஏ.ஐ. என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது அதுவும் இல்லை. யாரும் கூப்பிடாமலே பின்னணியில் ஓடிக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சிலவற்றைப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் சொல்ல வேண்டியவரிடம் சொல்கிற ப்ரோகிராம். மல்லாட்டைக் கொல்லையில் காவல் கிடக்கிற ஆள் மாதிரி. எங்கள் ஊரில் அதற்குப் பேர் காவக்காரன். என் ப்ரோகிராமுக்கும் அதே பேர்தான்.

எதைப் பார்க்க வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? இது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் ப்ரோகிராமை அறுத்துத் தைக்காமல், புதியதைக் கொண்டுவந்து சும்மா மாட்டிவிட முடிந்தால், மாட்டுகிற அந்தத் துண்டுக்குப் பேர்தான் ப்ளக்-இன். இதை எனக்குப் பாடப்புத்தகத்தை விட நன்றாக விளக்கியவர் அப்பா. அவர் ஆறாவதோடு நின்றவர். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் இன்னொருவரின் டிராக்டரைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்.

"இதுல இன்னா அதிசயம் இருக்குது பாப்பா? வண்டிக்குப் பின்னாடி மூணு கை இருக்குது பாரு. கீழ ரெண்டு, மேல ஒண்ணு. ஒம்போது கொத்துக் கலப்பை மாட்டறன், ரோட்டாவேட்டர் மாட்டறன். எந்தக் கம்பெனின்னு வண்டி கேக்குதா? பின் சைஸ் ஒண்ணா இருந்தா போதும். மாட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம்."

அவ்வளவுதான் விஷயம். அந்த மூன்று கை இணைப்பை உருவாக்கியவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1939இல் ஃபோர்டு கம்பெனியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த டிராக்டர் மூலம் அது உலகமெல்லாம் பரவியது. அப்பா ஓட்டுகிற மாஸி ஃபெர்குசன் வண்டியின் பேரில் பாதி அவருடையதுதான். இன்று சிறிய வண்டிக்குக் கீழ்ப் பின் 22 மில்லி, அதைவிடப் பெரியதற்கு 28 மில்லி என்று அளவு நிர்ணயம் ஆகியிருக்கிறது. இன்ஜின் சக்தியைக் கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்பதும் நிர்ணயம். வண்டி செய்பவரும் கலப்பை செய்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அளவு மட்டும்தான் இருவருக்கும் பொது. ஃபிரேம்வொர்க் என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது இந்த அளவைத்தான்.

சரி, காவக்காரன் எதற்கு? 2024 நவம்பர் 30 இரவை நம்ம மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு, நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரவு சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் வந்தது. டிசம்பர் 2 அன்று அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறாகிவிட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாயக் குறியைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. நாம் தினம் பாஸ் எடுத்துப் போகிற அதே பாதை.

பேப்பரில் வந்தது இது. எங்கள் ஊரில் நடந்தது பேப்பரில் வரவில்லை. சாயங்காலமே கரண்ட் போனது. ராத்திரி போனில் சிக்னலும் போனது. எல்லோர் கையிலும் எச்சரிக்கை வருகிற செல்போன் இருக்கிறது, ஆனால் ஒருத்தர் கையிலும் எச்சரிக்கை இல்லை. ஏரி எப்போது கோடி போனது என்று யாருக்கும் தெரியாது. கரையோரம் கடைசி வீடு ஆயாவுடையது. தண்ணீர் பாயை நனைத்த பிறகுதான் ஆயா எழுந்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது அப்பாவும் சித்தப்பாவும். இரண்டு ஆடு போய்விட்டது. ஆடுதானே என்று டவுன்காரர்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் ஆடு என்றால் காலேஜ் ஃபீஸ்.

ஆகவே ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சாமான்கள் இவை. ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 என்ற சீட்டுக்கட்டை விடச் சிறிய கம்ப்யூட்டர், மெமரி வெறும் 512 எம்.பி. 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரமாக என் கணக்குக்கு வந்த பணத்தில் இரண்டு மாதத்தது அதற்குப் போனது. மேல்நிலைத் தொட்டியில் போடுகிற மிதவை ஸ்விட்ச் மூன்று. ஏரிக் கலங்கல் ஓரம் ஒரு குழாய் நட்டு, மூன்று உயரத்தில் பொருத்தி, ஆயா வீடு வரை ஒயர் இழுத்தோம். கரண்ட்டுக்கு டிராக்டரின் பழைய பாட்டரி. வண்டியை ஸ்டார்ட் செய்ய வலுவில்லாத பாட்டரி இந்தச் சின்ன கம்ப்யூட்டரை நாள் கணக்கில் ஓட்டும். சத்தத்துக்கு டிராக்டர் ஹார்ன். அது போட்டால் ஊரே எழுந்துவிடும்!

முதல் ரிவ்யூவில் எங்கள் ஸார் கேட்டார். "மூணு ஸ்விட்சு, ஒரு ஹார்ன். எண்பது வரியில ஒரே ஃபைல்ல முடிச்சிடலாமே? எதுக்கும்மா இத்தனை ஃபைல்?" என் லேப் தோழியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயமான கேள்வி. மூன்று ஸ்விட்சுக்கு மட்டும் என்றால் எண்பது வரியே சரி. அதற்குப் ப்ளக்-இன் அமைப்பு என்பது கொசுவுக்குக் கோடாலி எடுத்த கதைதான். இதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் நான் பார்த்த கணக்கு வேறு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். ஊரில் ப்ரோகிராம் தெரிந்த ஆள் இன்றைய தேதிக்கு நான் ஒருத்திதான். டிப்ளமோ முடிந்ததும் ஒரகடமோ ஸ்ரீபெரும்புதூரோ, எங்கே வேலை கிடைத்தாலும் நான் போய்விடுவேன், போய்த்தான் ஆக வேண்டும். அப்புறம் ஒருநாள் மழை அளக்கும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால்? ஹார்னோடு எஸ்.எம்.எஸ்.ஸும் போக வேண்டுமென்றால்? என் எண்பது வரியை யாரோ திறந்து, நடுவில் பத்து வரி நுழைத்து, ஹார்ன் அடிக்கிற இடத்தில் கை பட்டுவிட்டால்? அது தெரியவருவது அடுத்த புயல் இரவில். ஆகவே எனக்கு வேண்டியது நான் இல்லாதபோதும் வளரக்கூடிய ப்ரோகிராம். இன்னொருவர் சேர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே ஓடுகிறதைத் தொடவே தேவை வரக்கூடாது. ஸாரிடம் இதைச் சொன்னேன். "சரி, அப்ப சேர்க்கறவன் படிக்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாது" என்றார். அந்த நிபந்தனை எனக்கு ரொம்ப உதவியது.

அந்த ஒரு பக்கத்தைத்தான் ஒப்பந்தம் என்கிறேன். நடுவில் உள்ள ப்ரோகிராம் மையம். அதற்கு ஏரியும் தெரியாது, ஹார்னும் தெரியாது. ப்ளக்-இன்னில் இரண்டு ஜாதிதான். பார்க்கிறவை ஒன்று, சொல்கிறவை ஒன்று. பார்க்கிற ப்ளக்-இன் என்பது மூன்று ஃபங்ஷன் உள்ள ஒரு ஃபைல்: தொடங்கு, பார், நிறுத்து. சொல்கிற ப்ளக்-இன்னில் 'பார்' இருக்கிற இடத்தில் 'சொல்'. 'பார்' திருப்பித் தருவது ஒரு சின்னச் சீட்டு: யார், என்ன, எவ்வளவு, எப்போது. மையம் அந்தச் சீட்டை வாங்கி, சொல்கிறவை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கும். விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி. சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் பாதை போகிறது, எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஜங்ஷன் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஃபங்ஷன் பெயர் தமிழிலா என்று கேட்பீர்கள். ஆமாம்! பைத்தானை நெதர்லாந்தின் கைடோ வான் ராஸம் முதலில் வெளியிட்டது 1991இல். 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து நாம் வைக்கிற பெயர்கள் எந்த மொழியிலும் இருக்கலாம். இஃப், ஃபார், டெஃப் போன்ற மொழிச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான். அந்தச் சொற்களும் தமிழாகவே வேண்டும் என்றுதான் முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற கணிப்பொறி மொழியைச் செய்தார். அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதே. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சேர்க்கப் போகிறவர் ஊர்ப் பள்ளிப் பையனாக இருக்கலாம், 'தொடங்கு' என்றால் அவனுக்குத் தனியாக விளக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். 'தொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே துண்டாகப் போடலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ப்ரோகிராமுக்குள் பெயராக எழுதினால் பைத்தான் தானே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் என் மையம் "இந்த ஃபைலில் 'தொடங்கு' இருக்கிறதா?" என்று ஒரு எழுத்துச் சரத்தை வைத்துத் தேடுகிறது. சரங்களைப் பைத்தான் அப்படி ஒன்றாக்குவதில்லை. ஆகவே தேடுவதற்கு முன் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பிலுள்ள நார்மலைஸ் வழியாக ஒருமுறை அனுப்பிவிட வேண்டும். ஒரே வரிதான். அது இல்லாவிட்டால் கண் எதிரே இருக்கிற ஃபங்ஷனை "இல்லை" என்று சாதிக்கும்.

ப்ளக்-இன்னை மையம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பைத்தானில் இதற்கு இரண்டு வழி அதிகம் புழங்குகிறது. ஒன்று, ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை இம்போர்ட்லிப் மூலம் ஏற்றிக்கொள்வது. இன்னொன்று, என்ட்ரி பாயின்ட் என்ற முறை. ப்ளக்-இன்னை முறைப்படி பேக்கேஜாகச் செய்து பிப் மூலம் நிறுவினால், அது தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும். பெரிய ப்ராஜெக்ட்டுகளுக்கு அதுதான் அழகு. பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவிக்கு வெளியார் எழுதிய ப்ளக்-இன்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன. நான் ஃபோல்டர் வழியை எடுத்தேன். எங்கள் ஊரில் பென் டிரைவ் நிச்சயம், இன்டர்நெட் நிச்சயமில்லை. (பழைய பாடங்களில் 'இம்ப்' என்று ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். 2023இல் வந்த பைத்தான் 3.12இல் அதை எடுத்தே விட்டார்கள். ஜூனியர்கள் கவனிக்க.)

இப்போது ரொம்ப முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு ப்ளக்-இன் கெட்டுப்போனால் மற்றவை என்ன ஆகும்?

அப்பாவிடம் கேட்டேன். "ரோட்டாவேட்டர்ல பாறை மாட்டிக்கிச்சுன்னா வண்டி கியர் பாக்ஸ் ஒடஞ்சிடாதா?" அவர் சிரித்தார். "அதுக்குன்னே பி.டி.ஓ. ஷாப்ட்டுல ஒரு போல்ட் இருக்குது. பாரம் மீறிச்சுன்னா அது மொதல்ல முறிஞ்சிடும். முப்பது ரூவா போல்ட்டு. லட்ச ரூவா சாமான் தப்பிச்சிக்கும். சில பேரு அது அடிக்கடி முறியுதுன்னு கெட்டி போல்ட்டாப் போட்டுடுவானுங்க. அப்பறம் அழுவானுங்க."

முறிவதற்கென்றே வைத்த போல்ட்! பைத்தானில் அது ட்ரை, எக்ஸெப்ட். ப்ளக்-இன்னைக் கூப்பிடுகிற இடத்தைச் சுற்றி அதைப் போட்டுவிட்டால், உள்ளே எந்தப் பிழை எழுந்தாலும் மையம் பிடித்துக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகும். பெரும்பாலான பாடங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ப்ளக்-இன் உடையாமல், சும்மா காத்துக்கொண்டே நின்றுவிட்டால்? ஏதோ ஒரு கருவியிடம் கேள்வி கேட்டு, பதிலே வராமல், உலகம் முடியும் வரை அங்கேயே நின்றால்? அங்கே எக்ஸெப்ட் ஒன்றும் செய்யாது. பிழை என்று ஒன்று எழுந்தால்தானே பிடிக்கும்? த்ரெட்டில் போட்டாலும் பயன் குறைவு. பைத்தானில் ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து பலவந்தமாக நிறுத்த வழி கிடையாது. ப்ராஸஸை மட்டும்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் மூலம் கொன்றுபோட முடியும்.

ஆகவே கருவிகளைத் தொடுகிற ஒவ்வொரு ப்ளக்-இன்னும் தனி ப்ராஸஸ். இதற்கு விலை உண்டு. ஒரு பைத்தான் ப்ராஸஸ் சும்மா நின்றாலே ஏறக்குறைய 10 எம்.பி. மெமரி எடுக்கும். 512 எம்.பி.யில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆளை உட்கார வைக்க முடியாது. ஆனால் எங்களுக்கு வரப்போவது ஆறேழு ப்ளக்-இன்தான், தாங்கும். மையம் 'பார்' என்று சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் அந்த ப்ராஸஸைக் கொன்று, மறுபடி தொடங்கும். மூன்று தடவை பார்த்துவிட்டு அதை ஒதுக்கி வைத்து, "இன்னார் பேசவில்லை" என்று ஒரு சீட்டு எழுதி சொல்கிறவற்றிடம் கொடுத்துவிடும். காவக்காரன் சத்தம் போடவில்லை என்றால் திருடன் வரவில்லை என்றும் இருக்கலாம், காவக்காரன் தூங்கிவிட்டான் என்றும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லாத எச்சரிக்கைக் கருவியை நான் நம்ப மாட்டேன்.

அந்தப் பத்து விநாடியை எதை வைத்து அளப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் தேதி காட்டும் கடிகாரத்துக்குத் தனி பாட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்திலிருந்து ஆரம்பிக்கும். நெட்வொர்க் கிடைத்ததும் திடீரென்று தாவிச் சரிசெய்துகொள்ளும். அந்தத் தாவலில் பத்து விநாடி பத்து மணி நேரமாகத் தெரியலாம். அதனால் காலக் கணக்குக்கெல்லாம் டைம் தொகுப்பிலுள்ள மோனோடானிக் கடிகாரம். அது முன்னால் மட்டுமே ஓடும், தாவாது.

எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும்போதே ப்ளக்-இன்னை மாற்றும் வசதி வேண்டாம். ஃபைலைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும். ஒரு ப்ளக்-இன் இன்னொன்றை நேரடியாகக் கூப்பிடுவது கூடவே கூடாது. அதை அனுமதித்தால் கலப்பையில் இன்னொரு கலப்பை மாட்டுகிற கதை. முன்னுரிமை, பதவி உயர்வு எதுவும் இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நம்ம வயதில் வசதி சேர்ப்பது என்றால் வீரம் மாதிரி இருக்கும். ஆனால் சேர்க்கிற ஒவ்வொன்றும் ஸார் சொன்ன அந்த ஒரு பக்கத்தை நீட்டிவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ப்ளக்-இன் என்று உள்ளே விட்டுவிட்டால் அது கம்ப்யூட்டரில் எதையும் செய்யலாம். பைத்தானுக்குள் அதைக் கூண்டில் அடைக்க நம்பகமான வழி இல்லை. ஆகவே ஃபோல்டரில் எழுதுகிற உரிமையை மட்டும் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதிரி அமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் என்.வி.டி.ஏ. பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கிற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006இல் ஆரம்பித்தார், அவரும் பார்வையற்றவர். முக்கால்வாசி பைத்தான்தான். பேசும் குரல், பிரெயில் கருவி, ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் தனி நடத்தை என்று எல்லாமே மாட்டிக்கொள்கிற துண்டுகள். ஒரு நாட்டில் ஒருவர் எழுதிய மையத்தில், அவருக்குத் தெரியாத மொழிக்காரர் அவருக்குத் தெரியாத கருவியைச் சேர்க்கிறார். இந்த மாதிரிக் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் சென்னைக்கு ஓட வேண்டாம். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது, மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். போய்ப் பாருங்கள்.

எஸ்.எம்.எஸ். ப்ளக்-இன்னை என் லேப் தோழி எழுதினாள், ஒரே ஃபைல் போதும் என்றவள்தான்! அவள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழ் என்றால் 70தான். அந்த 70உம் நம் கணக்குப்படி இல்லை. திண்டிவனம் நமக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பத்து. விழுப்புரமும் ஆறுதான், கம்ப்யூட்டருக்குப் பதினொன்று. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். நம் கணக்குப்படி எண்ண 'ஓபன்-தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. ஆனால் செய்தியை வெட்டுவது கம்ப்யூட்டர் கணக்கில்தான் என்பதால், எழுபதுக்குள் எழுத்து உடையாமல் வெட்டுவதற்கு அவள் இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. "ஏரி 2ம் மட்டம். ஆடு மாடு மேட்டுக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மரியாதைச் சொற்களுக்கு இடமில்லை.

மழைமானியைச் செய்தவன் மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன். தண்ணீர் நிரம்பினால் கவிழ்கிற சின்ன வாளி, எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ண ஒரு ஆர்டினோ. அவனிடம் அந்த ஒரு பக்கத்தையும் ஒரு மாதிரி ஃபைலையும் கொடுத்தேன். ப்ரோகிராமிங் அவனுக்குப் பாடமே இல்லை. நாலு நாள் என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. கைவிட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ரயிலில் மயிலத்தில் ஏறி, பென் டிரைவை நீட்டி, "ஓடுது" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் செமஸ்டர் ரிசல்ட்டில்கூட இருந்ததில்லை.

2025 ஐப்பசி மழையில் ஒரு இரவு. ஒன்பது மணிக்கு "மழைமானி பேசவில்லை" என்று செய்தி வந்தது. ஆர்டினோ பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ப்ளக்-இன் அதனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறது. பதில் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காப்பது என்று சொல்லாவிட்டால் பைசீரியல் காலவரையில்லாமல் காக்கும். மையம் மூன்று தடவை தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டது. எண்பது வரியில் ஒரே ஃபைலாக இருந்திருந்தால் காவக்காரன் முழுசாக அங்கேயே நின்றிருப்பான். இரண்டு மணி சுமாருக்கு நடு மிதவை எழும்பியது. ஹார்ன் அடித்தது. கரையோரத் தெருவே விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. ஆயா திட்டிக்கொண்டே ஆடு நாலையும் பள்ளிக்கூடத் திண்ணைக்கு ஓட்டிப் போனாள். விடியற்காலை ஏரி கோடி போனது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லாததுக்கா தூக்கத்தைக் கெடுத்துது உன் பொட்டி?" என்று ஆயா இன்றுவரை கேட்கிறாள். ஆடு நாலும் இருக்கிறது.

மழைமானிக்கு இப்போது நல்ல பெட்டி போட்டாகிவிட்டது. அப்பா கேட்பது வேறு: கிணற்று மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறது என்று காவக்காரன் சொல்ல வேண்டுமாம், ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியவில்லையாம். அதை நான் எழுதப்போவதில்லை. ஒன்பதாவது படிக்கும் என் தம்பியிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். 'பார்' வரைக்கும் வந்துவிட்டான். 'நிறுத்து' எதற்கு என்று தகராறு செய்துகொண்டிருக்கிறான். மையத்தின் ஃபைலை மட்டும் அவனுக்குக் காட்டவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒப்பந்தப் பக்கம், மாதிரி ஃபைல், முழு ப்ரோகிராம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பென் டிரைவோடு வாருங்கள். வைரஸ் இல்லாத பென் டிரைவாக இருந்தால் நல்லது!

— மூன்றாமாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு